ராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் தர மறுத்ததா?

"ராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் கடைசிவரை பட்டம் தரவில்லை, ஆயினும் ராயல் சொசைட்டியின் (பிரிட்டனின் அறிவியல் கழகம்) உறுப்பினரான முதல் இந்தியர் அவரே" என்றொரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. இரண்டு கூற்றுகளும் தவறு.

1914 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்கு வந்து, புலால் உண்ணாதவராதலால் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டு ஆய்வு நடத்திய ராமானுஜனுக்கு, 1916 மார்ச்சில் ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் வழங்கப்பட்டது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைவிடவும் மிகுதியான வகுஎண்களைக் கொண்ட எண்களைப் பற்றியதே அந்த ஆய்வு. சான்றாக, 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உண்டு. அதற்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை.

ராயல் சொசைட்டிக்கு 1841-லேயே தேர்வான முதல் இந்தியர், பம்பாயைச் சேர்ந்த கப்பல் பொறியாளர் அர்தேசிர் கர்செட்ஜி. 1918-இல் தேர்வான ராமானுஜன் இரண்டாமவர். அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாக (கல்லூரியின் அறிஞர் குழு உறுப்பினராக) தேர்வான முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்கே உரியது; வருத்தம் என்னவென்றால், பரவும் செய்தியில் அது இல்லவே இல்லை.

ராயல் சொசைட்டியின் இணையதளத்திலுள்ள உறுப்பினர் பட்டியலில் இருவரின் தேர்வு ஆண்டுகளையும் எவரும் சரிபார்க்கலாம். அச்செய்தி உங்களுக்கு வந்திருந்தால், அருள்கூர்ந்து மேலும் பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் இந்த விவரத்தைத் தெரிவியுங்கள்.