போகும் இடத்துக்கு ஒரு பெயர் வையுங்கள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவரின் பக்கத்தில் போன வாரம் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சர்வரில் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தார். நடந்ததைப் பதியும் லாக் கோப்புகள் ஓர் இடம், நிரல் வேறோர் இடம், அமைப்புக் கோப்பு மூன்றாவது இடம். இந்த மூன்றுக்கும் நடுவில் அவர் அல்லாடியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே நீளப் பாதையைப் பதினொரு முறை தட்டினார், எண்ணினேன். ஓர் எழுத்து தப்பினால் அப்படியொரு கோப்புறை இல்லை என்று, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் சொல்லிவிடும். உடனே எங்கே நிற்கிறோம் என்று பார்ப்பார், இரண்டு படி மேலே ஏறுவார், பட்டியல் எடுப்பார், மறுபடி இறங்குவார். அதற்குள் எந்த வரியைத் தேடிப் போனாரோ அது மனத்திலிருந்து நழுவியிருக்கும். "அண்ணா, நான் எதற்காக இங்கே வந்தேன்?" என்று என்னையே கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மீது. மூன்று மாதம் லினக்ஸ் பயிற்சி எடுத்திருக்கிறார். கோப்புறை மாற சிடி (cd) கட்டளை, மேலே போக இரண்டு புள்ளி, அத்தோடு அந்தப் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். கட்டளை தட்டும் டெர்மினலில் பிழைப்பு நடத்தப்போகிறவருக்கு நடக்கக் கற்றுக்கொடுக்காமல் அனுப்பியிருக்கிறார்கள்.

சிடி மற்றக் கட்டளைகளைப் போன்றதல்ல. அது ஏன் என்று சொல்லிக்கொடுத்தாலே பாதிக் குழப்பம் தீரும். 1969இல் தொடங்கி, பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-7 கணினியில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டத்தில், ஒவ்வொரு கட்டளைக்கும் ஷெல்லிலிருந்து தனியாக ஓடும் ஒரு பிள்ளைச் செயல்முறையைப் பிறப்பித்து, அதற்குள் அந்தக் கட்டளையை ஓட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஃபோர்க் என்று இன்றும் நாம் சொல்வது அதைத்தான். எல்லாம் நன்றாக ஓடியது. கோப்புறை மாற்றும் கட்டளை மட்டும் படுத்துவிட்டது. நிரலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. கட்டளை சொன்ன வேலையைச் சரியாகவே செய்கிறது, ஆனால் இடம் மாறுவது பிள்ளை. மாறிய கையோடு பிள்ளையின் ஆயுள் முடிந்துவிடுகிறது. தாய் ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆகவே அந்தக் கட்டளையை ஷெல்லின் உள்ளேயே வைத்துவிட்டார்கள். யூனிக்ஸின் வளர்ச்சியைப் பற்றிப் பின்னாளில் எழுதிய கட்டுரையில் ரிட்சியே இதைச் சொல்லியிருக்கிறார்.

அரை நூற்றாண்டு கழித்து அதே இடத்தில் எங்கள் தம்பியும் தடுக்கி விழுந்திருக்கிறார். அடிக்கடி போகும் கோப்புறைக்குத் தாவ ஒரு சின்ன ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய கோப்பு) எழுதி வைத்திருந்தார். "ஓடுகிறது, பிழையும் வரவில்லை, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது" என்றார். ஸ்கிரிப்டும் ஒரு பிள்ளைதான். அதே வரியை ஒரு ஃபங்ஷனாக, பாஷ் என்ற ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்புக்குள் போட்டால் தாய் ஷெல்லே அதை ஓட்டும், தாயே நகரும். இடங்களை நினைவில் வைத்துத் தாவ உதவும் புக்மார்க் கருவி எதை நிறுவினாலும் உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு வரி சேர்க்கச் சொல்வது இதனால்தான். தாவிச் செல்லும் வேலையைத் தனி நிரலாக எவராலும் எழுத முடியாது.

சரி, எதையும் நிறுவாமலே கையில் என்ன இருக்கிறது? முதலில் சிடியோடு ஒரு சிறு கோடு. கடைசியாக நின்ற இடத்துக்குத் திரும்பிவிடலாம். இரண்டே இடங்களுக்குள் போய்வருகிறவருக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

மூன்றாவது இடம் வரும்போது புஷ்-டி (pushd), பாப்-டி (popd) என்ற கட்டளைகள். தட்டின் மேல் தட்டாக அடுக்குவது போல, போகும் ஒவ்வோர் இடத்தையும் புஷ்-டி அடுக்கிக்கொள்ளும். பாப்-டி மேலே இருப்பதை எடுத்துப்போட்டு முந்தைய இடத்துக்குக் கொண்டுபோகும். இது பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல் வழியாகப் பரவியது. கோப்புறை அடுக்கை முதலில் செய்தவர் ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜே. ஈ. குல்ப் என்று சி-ஷெல்லின் கையேடே சொல்கிறது. இவ்வளவு பழைய வசதியை இன்றைய பயிற்சிகளில் ஏன் சொல்வதில்லை என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

சிடி தேடிப் பார்க்கும் இடங்களை வைத்திருக்கும் சிடிபாத் (CDPATH) என்ற மாறியும் இருக்கிறது. உங்கள் திட்டங்கள் எல்லாம் இருக்கும் தாய்க் கோப்புறையை அதில் எழுதிவைத்தால், எங்கிருந்தாலும் திட்டத்தின் பெயரை மட்டும் தட்டிப் போகலாம். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். அந்தப் பட்டியலின் முதலில், நிற்கும் இடத்தைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியை வையுங்கள். இல்லாவிட்டால் கண்ணெதிரே இருக்கும் கோப்புறையை விட்டுவிட்டு வேறெங்கோ இருக்கும் அதே பெயருக்குப் போய்விடும். சிடிபாத்தை எக்ஸ்போர்ட் செய்யாதீர்கள், அதாவது ஷெல் பிறப்பிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிடிபாத் வழியாகப் போகும்போது சிடி முழுப் பாதையையும் அச்சிட்டுக் காட்டும். சிடியின் வெளியீட்டைப் பிடித்துப் பயன்படுத்தும் ஸ்கிரிப்டுகள் அந்த ஒரு வரியால் குழம்பிவிடும்.

இவற்றையெல்லாம்விட நான் மேலாக நினைப்பது பெயர் வைப்பதைத்தான். பாஷில் ஒரு மாறிக்குள் பாதையை வைத்துக்கொண்டு, மாறியின் பெயரைச் சொன்னாலே சிடி போகும்படி அமைக்கலாம். இசட்-ஷெல் (zsh) என்ற இன்னொரு ஷெல்லில் இன்னும் அழகு. ஒரு கோப்புறைக்குப் பெயர் கொடுத்தால் முன்னால் ~ குறி போட்டு அதை எந்தக் கட்டளையிலும் பயன்படுத்தலாம், போகவும் நகல் எடுக்கவும். (இந்தக் குறி வீட்டுக் கோப்புறையைக் குறிக்க வந்த கதை எனக்குப் பிடித்தது. பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினலில் ~ குறியும் ஹோம் என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தன.)

இப்போதெல்லாம் இளைஞர்கள் பெயர் வைப்பதில்லை. இசட் (z), ஆட்டோஜம்ப், ஸாக்ஸைடு (zoxide) போன்ற கருவிகள் வந்துவிட்டன. நீங்கள் போகும் இடங்களையெல்லாம் அவை கவனித்து வைத்துக்கொள்ளும். பெயரில் இரண்டு எழுத்தைத் தட்டினால் எங்கே போக நினைக்கிறீர்கள் என்று ஊகித்துக் கொண்டுபோய்விடும். இசட்டும் ஸாக்ஸைடும் எத்தனை முறை போனீர்கள், எவ்வளவு அண்மையில் போனீர்கள் என்ற இரண்டையும் கலந்து மதிப்பெண் போடுகின்றன. 2008இல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 முகவரிப் பட்டைக்குக் கொண்டுவந்த அதே யோசனைதான். ஸாக்ஸைடில் கடந்த ஒரு மணி நேரத்துக்குள் போன இடத்துக்கு மதிப்பெண் நான்கு மடங்கு, ஒரு நாளுக்குள் என்றால் இரண்டு மடங்கு, ஒரு வாரத்துக்குள் என்றால் பாதி, அதற்கும் பழையது கால் பங்கு. நல்ல கருவிகள். என் மடிக்கணினியில் நானும் வைத்திருக்கிறேன். ஆனால் சர்வரில் வைக்கமாட்டேன்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரே தளத்தின் இரண்டு பிரதிகள் ஒரே கணினியில் இருந்தன. ஒன்று சோதனைக்கு, இன்னொன்று மக்கள் பயன்படுத்துவது. உள்ளே கோப்புறைப் பெயர்கள் எல்லாம் ஒன்றே. வழக்கமாக நான் புழங்குவது சோதனைப் பிரதியில். மூன்று எழுத்து தட்டுவேன், அங்கே போய் நிற்பேன், பழகிவிட்டது. ஒரு வாரம் நேரடித் தளத்தில் ஏதோ கோளாறு, ஐந்து நாளும் அதிலேயே கிடந்தேன். கோளாறு தீர்ந்த மறுநாள் காலை, சோதனைப் பிரதியின் பதிவேற்றங்களைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அதே மூன்று எழுத்து. மதிப்பெண் மாறியிருந்தது. கட்டளைக்கு முன்னால் நிற்கும் ப்ராம்ப்டில் கோப்புறையின் கடைசிப் பெயர் மட்டுமே தெரியும்படி வைத்திருந்ததால் வித்தியாசம் கண்ணில் படவில்லை. அழிக்கும் கட்டளை முடிந்து, அடுத்த நிமிடம் தொலைபேசி அடித்தது. முந்தைய இரவின் பேக்கப் இருந்ததால் பெரும்பகுதி திரும்பியது. அன்று காலை மக்கள் பதிவேற்றியவை திரும்பவில்லை. ஒவ்வொருவரையும் அழைத்து மறுபடி அனுப்பச் சொன்ன சக ஊழியரின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

கருவி தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டது. ஆனால் ஒரே சொல் நேற்று ஓர் இடத்தையும் இன்று வேறோர் இடத்தையும் குறிக்குமானால், அழிக்கும் வேலைக்கு அந்தச் சொல்லை எப்படி நம்புவது? நானே வைத்த பெயர் நானாக மாற்றும்வரை மாறாது. பார்க்கப் போவதற்கு ஊகம் போதும். கை வைக்கப் போகும் இடத்துக்கு அது போதாது.

தமிழில் கோப்புறைப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வார இறுதிகளில் பழைய நூல்களை மின்னுருவாக்கும் நண்பர்களுக்கு உதவுகிறேன். ஒரு நாள் பட்டியலில் "தொகுப்பு" என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. நான் தட்டினால் ஒன்று மட்டும் திறக்கிறது, இன்னொன்றுக்குள் போகவே முடியவில்லை. பெயரின் பைட்டுகளை ஹெக்ஸ் எண்களாகப் போட்டுப் பார்த்தபோது ஒன்று 24 பைட், மற்றது 27 பைட். ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. லினக்ஸ் பார்ப்பதோ பைட்டுகளை மட்டும். அதற்கு அவை இரண்டு வேறு பெயர்கள். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட் ஆவதால், ஒரு பெயருக்கான 255 பைட் வரம்புக்குள் 85 குறியீடுகள்தான் அடங்கும் என்பதையும் நூல் தலைப்பை முழுசாகப் பெயராக வைக்கிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது கோப்புறைக்குள் டேப் விசையின் உதவியால் ஒரே ஒரு முறை நுழைந்து, நின்ற இடத்துக்கு இரண்டு எழுத்தில் பெயர் வைத்துவிட்டேன். அதன்பின் விசைப்பலகையை மாற்றவும் வேண்டியிருக்கவில்லை, ஒகரத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டியிருக்கவில்லை.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு மணி நேரம். அதில் ஃபோர்க் கதையைச் சொல்லுங்கள், அடுக்கைக் காட்டுங்கள், ஒவ்வொருவரையும் தங்கள் கணினியில் ஐந்து இடங்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லுங்கள். சிடிக்கும் அழிக்கும் கட்டளைக்கும் நடுவில் அரைப்புள்ளி போடாமல் இரட்டை && போடவும் பழக்குங்கள். போக முடியாவிட்டால் அழிக்கவும் கூடாது.

எங்கள் தம்பி அன்று மாலையே லாக், நிரல், அமைப்பு மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டார். மறுநாள் பார்த்தபோது நான்காவதாக நேரடித் தளத்துக்கும் ஒன்று வைத்திருந்தார். அதை மட்டும் எடுக்கச் சொன்னேன். என் பட்டியலிலும் அது கிடையாது. அங்கே போக வேண்டிய நாளில் முழுப் பாதையையும் எழுத்தெழுத்தாகத் தட்டித்தான் போகிறேன்.