ஒரு மில்லிமீட்டர் தகராறு
கேமரா வாங்கினால் கேனானா நிக்கானா என்று ஒரு கட்டுரை அலசியிருந்தது, சரி. பறவையைப் படமெடுக்க வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் கதையே வேறு. நத்தைகுத்தி நாரை ஏரி நடுவில் மரத்தில் இருக்கும். 300 எம்எம் லென்ஸில் அது வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். தூரத்தை இழுத்து, வெளிச்சமும் நிறைய வாங்கும் 600 எம்எம் எஃப்4 லென்ஸ் வாங்கலாம் என்றால் முன்கண்ணாடியே 15 செ.மீ. அகலம் வேண்டும், விலை லட்சக்கணக்கில் (வீட்டில் சொன்னால் சோறு கிடைக்காது).

அதைவிட எரிச்சல் மவுன்ட், அதாவது லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையம். பக்கத்தில் நின்ற நண்பர் தன் லென்ஸைக் கொஞ்ச நேரம் தரத் தயார், என் கேமராவில் மாட்டாதே! நிக்கான் இசட் வளையம் 55 மி.மீ., கேனான் ஆர்எஃப் 54. இந்த ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி அடுத்த கம்பெனிக்குப் போக, இருக்கிற லென்ஸையெல்லாம் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டும். அப்புறம் என்ன, பழைய 150-600 எம்எம் ஜூம் லென்ஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அபெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு) 6.3, சின்னதுதான்; விடியற்காலையில் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 3200க்கு ஏற்றினால், படத்தில் நாரை இறகு முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி.