வலிக்கவில்லை என்றால் பயிற்சி வீணா?
'மறுநாள் உடம்பு வலிக்கவில்லை என்றால் செய்த பயிற்சி வீண்' என்று சொல்வது தவறு, இதை நம்பித்தான் பலர் தேவையில்லாமல் உடம்பை வருத்திக்கொள்கிறார்கள். தசைக்குப் பழக்கமில்லாத வேலை கொடுத்தோம் என்பதைத்தான் அந்த வலி காட்டுகிறது, தசை வளர்ந்ததை அல்ல. குறிப்பாக, தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் அசைவுகளில் இது அதிகம், டம்பெல்லை மெதுவாகக் கீழே இறக்குவது, மலையிலிருந்து இறங்குவது மாதிரி. ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் இரண்டு நாள் கழித்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்க வைப்பது அந்த இறக்கம்தான். தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதையொட்டிய அழற்சியும் இதற்குக் காரணமாகக் கருதப்படுகின்றன. பயிற்சியின்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்பதும் பழைய கதை. அது பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும், வலி உச்சத்துக்கு வருவதோ 24 முதல் 72 மணி நேரத்தில்.

அதே பயிற்சியைச் சில வாரம் தொடர்ந்தால் வலி குறைந்துவிடும். தசை பழகிக்கொண்டது என்று அர்த்தம், பலன் நின்றுவிட்டது என்றல்ல. முன்னேற்றம் தெரிய வேண்டுமா, எவ்வளவு எடை, எத்தனை முறை தூக்க முடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வலிக்காகவே ஒவ்வொரு முறையும் பயிற்சியை மாற்றிக்கொண்டிருந்தால் எதிலும் தூக்கும் எடை ஏறாது.

அப்புறம், வலி தாங்க முடியாமல் தசை வீங்கி, சிறுநீர் டீ நிறத்தில் போனால் அது 'நல்ல வலி' இல்லை. தசை சிதைந்து சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடிய நிலையாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள்.