டிராகாய் போனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்

லித்துவேனியா போகும் நம் ஆட்கள் பெரும்பாலும் வில்னியுஸில் தங்கி, ஒரு அரை நாளை டிராகாய்க்கு ஒதுக்குகிறார்கள். தலைநகரிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான். ஏரி நடுவே செங்கல் கோட்டை, அதற்குப் போக மரப்பாலம், பாலத்தில் நின்று நாலு படம், அப்புறம் அடுத்த பஸ். சுற்றுலா நிறுவனங்களும் அப்படித்தான் கூட்டிப்போகின்றன. அந்த ஊருக்கு இது பெரிய அநியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கோட்டையைக் குறைத்துச் சொல்லவில்லை. லித்துவேனியாவை ஆண்ட கோமகன் கெஸ்துதிஸ் தொடங்கிய வேலையை, பின்னால் ஆட்சிக்கு வந்த அவர் மகன் விதௌதாஸ் 1409 வாக்கில் முடித்தார். டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மானியக் கிறித்தவப் போர்த்துறவிகள் அடிக்கடி படையெடுத்து வந்த காலம் அது. ஆனால் அடுத்த ஆண்டே, 1410-இல், கிரன்வால்ட் போரில் அவர்களை லித்துவேனியாவும் போலந்தும் சேர்ந்து முறியடித்துவிட்டன. எந்த ஆபத்துக்காக அவ்வளவு தடித்த சுவர்களை எழுப்பினார்களோ, அந்த ஆபத்தே போய்விட்டது. கோட்டை அரண்மனையானது. லித்துவேனியாவின் அரசராக முடிசூடக் காத்திருந்த விதௌதாஸ், கிரீடம் வந்து சேராமலே 1430 அக்டோபரில் டிராகாயில் இறந்தார். பிற்காலத்தில் அதே கட்டடம் பிரபுக்களை அடைத்துவைக்கும் சிறையானது. 1655-இல் மாஸ்கோவுடன் நடந்த போரில் இடிந்தபின் சுமார் 300 ஆண்டுகள் பாழாகக் கிடந்தது.

இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் திரும்பக் கட்டியது. கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்: கீழே காலம் தின்ற பாறைக்கற்கள், மேலே ஒழுங்கான சிவப்புச் செங்கல். இதைச் சுட்டிக்காட்டி "அசல் இல்லையே" என்று உதடு பிதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சோவியத் ஆட்சியின் கீழ் இருந்த ஒரு சிறிய நாடு, தன் பழைய ஆட்சியாளரின் கோட்டையைக் கல் கல்லாக எழுப்பியிருக்கிறது. நிலப்பிரபுத்துவக் காலத்துக்குப் பெருமை சேர்க்கும் வேலை இது என்று சோவியத் தலைவர் குருஷேவே கண்டித்தார். அப்படியும் வேலை நிற்கவில்லை. இந்தக் கதை தெரிந்தபிறகு அந்தப் புதுச் செங்கல்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஆனால் டிராகாயில் 600 ஆண்டுகளாக அறுபடாமல் வந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கோட்டையைவிட்டு வெளியே வர வேண்டும். பாலத்துக்கு மிக அருகிலேயே, கராயிம் என்ற சிறிய சமூகத்தின் பெயரில் கராயிம் தெரு இருக்கிறது.

1397, 98 வாக்கில் விதௌதாஸ் கிரிமியாப் பக்கம் படையெடுத்துப் போனபோது, அங்கிருந்து கராயிம் குடும்பங்களை அழைத்துவந்து ஏரிக்கரையில் குடியேற்றினார். கோட்டைக்குக் காவல் அவர்கள்தான். எபிரேய வேதம்தான் அவர்களுக்கும் வேதம், ஆனால் மற்ற யூதர்கள் பின்பற்றும் விளக்க நூலான தல்மூதை ஏற்பதில்லை. பேசுவதோ துருக்கிய மொழிக் குடும்பத்தின் கிப்சாக் கிளையைச் சேர்ந்த ஒரு மொழி. 1441-இல் அவர்களுக்குத் தன்னாட்சி உரிமையும் கிடைத்தது: தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொள்ளலாம். அரசர்கள் மாறினார்கள், ஜார் வந்தார், போலந்து வந்தது, சோவியத் வந்தது. அந்தத் தெரு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வீடுகள் மர வீடுகள். தெருவைப் பார்த்த குறுகிய முகப்பில் மூன்று சன்னல்கள். ஒன்று கடவுளுக்கு, ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று விதௌதாஸுக்கு என்பார்கள். நடுவில் கெனெசா, அவர்களுடைய தொழுகைக்கூடம். அதுவும் மரக்கட்டடம்தான். நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. வேலிக்கு இந்தப்பக்கம் நின்றே பார்த்தோம். வீடுகளுக்குப் பின்னால் நீளமான தோட்டங்கள் ஏரியை நோக்கி இறங்குகின்றன. அங்கே இவர்கள் விளைவித்த வெள்ளரிக்காய் ஒரு காலத்தில் சுற்று வட்டாரமெல்லாம் பெயர் பெற்றது.

நான் அதிகம் நேரம் செலவழித்தது இதே தெருவிலுள்ள சிறிய கராயிம் அருங்காட்சியகத்தில். கராயிம்களின் சமயத் தலைவராக இருந்த செராயா ஷாப்ஷால் வாழ்நாளெல்லாம் சேர்த்த பொருட்களை அடிப்படையாகக் கொண்டது. உடைகள், பாத்திரங்கள், ஆயுதங்கள், கையெழுத்துப் பிரதிகள். கோட்டையில் தோளோடு தோள் இடித்த கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. லித்துவேனியா முழுவதும் சேர்த்தே இன்று கராயிம்கள் முந்நூறு பேருக்கும் குறைவு. மொழியைச் சரளமாகப் பேசுபவர்கள் அதிலும் சில பத்துப் பேர்தான். சிமோனாஸ் பிர்கோவிச்சுஸ் என்ற கவிஞர் இந்த ஊரில் தொழுகையும் நடத்தி, கராயிம் மொழியில் கவிதையும் எழுதி, 1982 வரை வாழ்ந்திருக்கிறார். கோடையில் இளைஞர்களுக்கு மொழிப் பள்ளி நடத்துகிறார்கள். மொழியியல் அறிஞர்களும் வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். மொழிக்காக உயிரையே கொடுத்தவர்களின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு, சில பத்துப் பேரின் வாயில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஒரு மொழியின் வாசலில் நின்றுவிட்டு, அது தெரியாமலே ஊர் திரும்புவது நியாயமா?

கிபினாய் எல்லோரும் சாப்பிடுகிறார்கள், அது சரி. பார்க்க நம் சோமாசி மாதிரி பிறை வடிவம், உள்ளே கத்தியால் பொடியாக நறுக்கிய ஆட்டிறைச்சியும் வெங்காயமும். இப்போது கீரை, பாலாடைக்கட்டி வைத்தும் செய்வதால் சைவர்களுக்கும் கிடைக்கும். ஆனால் "லித்துவேனியத் தின்பண்டம்" என்று மட்டும் பதிவு போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கராயிம் சமையல் என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? பாலத்தருகே ஒரு கடையில் வாங்கியது ஆறி, மாவு ரப்பராக இருந்தது. தெருவுக்குள்ளே உட்கார்ந்து சூப்போடு சூடாகச் சாப்பிட்டதுதான் கிபினாய்.

நேரமிருந்தால் இன்னும் இரண்டு இடம். விதௌதாஸ் 1409-இல் நிறுவிய மாதா கோவிலில் இருக்கும் மாதா படத்துக்கு 1718-இல் முடிசூட்டியிருக்கிறார்கள். இன்றும் யாத்திரை வருகிறார்கள். அப்புறம் கால்வே ஏரியின் மறுகரையில் உஜுத்ராகிஸ் மாளிகை. திஷ்கேவிச் பிரபுக் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கியது. பூங்காவை வடிவமைத்தவர் பிரெஞ்சுக்காரர் எடுவார் ஆந்த்ரே. கோட்டையை எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதற்கென்றே அமைத்த தோட்டம் போல இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்ததைவிடக் கோட்டை எனக்கு இங்கிருந்துதான் அழகாகத் தெரிந்தது. ஏரியில் 21 தீவுகள் என்பதும் இங்கே நிற்கும்போதுதான் புரிகிறது.

முழு நாள் ஒதுக்குங்கள். காலையில் கூட்டம் கோட்டைக்குப் போகும்போது நீங்கள் கராயிம் தெருவுக்குப் போங்கள், மதியம் அங்கேயே சாப்பிடுங்கள், பஸ் கும்பல் கிளம்பியபின் கோட்டைக்குள் நுழையுங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்து படகு ஓடாது. உஜுத்ராகிஸுக்கு ஏரியைச் சுற்றிக்கொண்டு வண்டியில்தான் போக வேண்டியிருக்கும்.