குரூஸ்-டியஸின் நிறங்களும் ஒரு விமான நிலையத் தரையும்

ஒளியியல் கலை, இயக்கக் கலை என்றெல்லாம் அழைக்கப்படும், கோடுகளாலும் வண்ணங்களாலும் அசைவை உணரவைக்கும் இருபதாம் நூற்றாண்டின் வடிவியல் அரூப ஆக்கங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "கண்ணை ஏமாற்றும் வித்தைதானே" என்று ஒதுக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இந்த ஏளனம் பழையது. 1965-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'தி ரெஸ்பான்சிவ் ஐ' கண்காட்சியை நடத்தியபோது மக்கள் திரண்டார்கள். விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். துணி வணிகர்களோ அதில் இடம்பெற்ற பிரிட்டிஷ் ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் கோடுகளை அவருடைய விருப்பத்துக்கு மாறாக உடைகளில் அச்சிட்டு விற்றார்கள். இந்தக் கலை ஒரு பருவத்து மோகமாகச் சிறுத்துப்போனதில் அந்தக் கடைவீதிப் புகழுக்குப் பெரும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

நியூயார்க்கை விட்டுவிட்டு வெனிசுவேலாவிலிருந்து பார்த்தால் கதை வேறு. 1955-இல் பாரிஸின் டெனிஸ் ரெனே காட்சிக்கூடத்தில் நடந்த 'லெ மூவ்மான்' கண்காட்சியில் இக்கலையின் முன்னோடிகளான வசரேலி, கால்டர் ஆகியோருடன் வெனிசுவேலாக் கலைஞர் ஹெசூஸ் ரஃபேல் சோட்டோவும் இடம்பெற்றார். சோட்டோ பிறந்த அதே 1923-இல் பிறந்த இன்னொரு வெனிசுவேலாக் கலைஞர் கார்லோஸ் குரூஸ்-டியஸ். இவர் 1959-இல் தொடங்கிய 'ஃபிசிக்ரோமி' வரிசையில், பலகையின் மேல் மெல்லிய பட்டைகள் நெருக்கமாக, பலகைக்குச் செங்குத்தாக நிறுத்தப்பட்டிருக்கும். பட்டைகளின் பக்கங்களில் ஒரு வண்ணம், பின்னணியில் வேறு வண்ணம். பட்டையில் பட்டுத் தெறிக்கும் ஒளி பக்கத்துப் பரப்பில் கலந்து, தூரிகை எங்குமே பூசாத ஒரு நிறத்தைக் காட்டுகிறது. பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் அந்த நிறமும் மாறிவிடுகிறது. ஏமாற்று என்றால் உண்மையான நிறம் ஒன்று எங்கோ ஒளிந்திருக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்கள் பார்த்திருப்பது, நிற்கும் இடம் ஒன்றிலிருந்து தெரிந்ததை மட்டுமே.

இது எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த அரசுக்கலை என்ற குற்றச்சாட்டும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. எழுபதுகளின் எண்ணெய் வளத்தில் மிதந்த வெனிசுவேலா, தன்னை நவீன நாடாகக் காட்டிக்கொள்ள அணைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் இவர்களுடைய ஆக்கங்களைப் பதித்தது. கராகஸுக்கு அருகே மைக்கேத்தியா விமான நிலையத்தின் தரையிலும் சுவரிலும் குரூஸ்-டியஸ் 1974 முதல் 1978 வரை அமைத்த வண்ணப் பட்டைகள் அத்தகைய பெருமிதத்தின் சின்னம்தான். ஆனால் பின்னாளில் பொருளாதாரம் சரிந்து, 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறிய காலத்தில், விமானம் ஏறுமுன் அந்தத் தரையில் தங்கள் கால்களைப் படமெடுத்துப் பகிர்வது பலருக்கும் வழக்கமாயிற்று. உருவமோ கொடியோ வாசகமோ இல்லாத வெறும் கோடுகள், பிரிவின் அடையாளமாகிவிட்டன.

இது தற்செயல், கலைஞரின் சாதனை அன்று என்று வாதிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எப்படி நகர்கிறார் என்பதைத் தன் கலையின் மூலப்பொருளாகவே வைத்துக்கொண்டவர் அவர். பொருள் தருவதற்கான இடத்தையும் பார்ப்பவர்களுக்கே விட்டிருந்தார்; 2019-இல் பாரிஸில் இறப்பதற்குள் அந்த விமான நிலையத் தரைப் படங்கள் உலகெங்கும் பரவிவிட்டிருந்தன.