கப்பல் பட்டியல் கொடுத்தால் அது சினாரியோவா?

பழைய கடற்சண்டைகளை மேசைமேல் கப்பல்களை நகர்த்தி, பகடை உருட்டி ஆடுகிற விளையாட்டு எங்களுடையது; ஒரு சண்டையை ஆடத் தேவையான முழுத் தொடக்க அமைப்புதான் சினாரியோ. கப்பல் பெயரையும் பீரங்கி எண்ணிக்கையையும் வரிசையாக அடுக்கிவிட்டு, கீழே "சினாரியோ" என்று போட்டுக்கொள்கிறவர்களை என்னதான் செய்வது? காற்று எந்தப் பக்கம், நடுவே எவ்வளவு தூரம், எத்தனை சுற்று, யார் எதைச் செய்தால் ஜெயிப்பு, ஒன்றும் கிடையாது. பாய்மரக் கப்பல் சண்டையில் காற்றைச் சொல்லாமல் விட்டால் மிச்சம் என்ன இருக்கு?

இல்லாவிட்டால் டிரஃபால்கர். 1805, நெல்சனின் பிரிட்டிஷ் அணிக்கு 27 கப்பல், எதிரே பிரெஞ்சு-ஸ்பானிய அணிக்கு 33, தெரியும் சாமி! அறுபது கப்பலை வைத்து இரண்டு பேர் என்றைக்கு ஆடி முடிப்பது? நம் கரையோரமும் இலங்கைப் பக்கமுமாக 1782, 83இல் பிரெஞ்சு தளபதி சுஃப்ரனும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினத்தில் ஆரம்பித்து கடலூர் வரை ஐந்து தடவை மோதியிருக்கிறார்கள். பெரும்பாலும் அணிக்குப் பத்துப் பன்னிரண்டு கப்பல்தான், ஒரு மேசைக்குள் அடங்கும். தேடினால் அதற்கும் அதே பட்டியல்.

ரூல்ஸ் அதைவிட மோசம். ஒரு ரகத்தில் ஒவ்வொரு கப்பலின் நகர்வையும் முன்கூட்டியே எழுதி, அடி விழ விழ உடல், பாய், மாலுமி, பீரங்கி என்று தனித்தனிக் கட்டத்தை அடித்துக்கொண்டே வரவேண்டும். இருபது கப்பல் இறங்கினால் விளையாட்டு இல்லை, கணக்குப்பிள்ளை உத்தியோகம். இன்னொரு ரகத்தில் நாலு பகடை உருட்டினால் கப்பல் மூழ்கிவிடும். அந்த ஐந்து சண்டையிலும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை ஐயா!

நாகப்பட்டினத்தில், 1782 ஜூலை 6, சண்டை நடுவே காற்று சட்டென்று திரும்பி இரண்டு வரிசையும் கலைந்துபோனது. செவேர் என்ற 64 பீரங்கி பிரெஞ்சுக் கப்பலின் கேப்டன் சரணடையக் கொடியை இறக்கச் சொல்லிவிட்டார், கீழே இருந்த அதிகாரிகள் "போய்யா" என்று சண்டையைத் தொடர்ந்தார்கள். இதற்கு எந்த ரூலில் இடம் இருக்கு? சுஃப்ரனுக்கு ஹியூஸைவிடப் பெரிய தலைவலியே, சிக்னல் கொடுத்தாலும் அசையாத சொந்த கேப்டன்கள்தான். நான் மேலே நின்றுகொண்டு எல்லாக் கப்பலையும் விரலால் நகர்த்தினால் அது என்ன சுஃப்ரன் சண்டை? கேப்டனுக்குத் தரம் போட்டு, சொன்னதைக் கேட்கிறாரா என்று பகடை உருட்ட வைக்கிற ரூல்ஸும் ஒன்று கிடைத்தது, அப்பாடா என்று பார்த்தால் அதில் கப்பல்கள் காற்று வரும் திசைக்கு 45 டிகிரி வரை நெருங்கி ஜம்மென்று போகின்றன. குறுக்குப்பாய் கட்டிய போர்க்கப்பல் 67 டிகிரிக்குள் வரவே முக்கும்.

அடுத்து கடலூர் ஆடலாம் என்றிருக்கிறோம், சுஃப்ரனுக்கு 15, ஹியூஸுக்கு 18. எவராவது முழு சினாரியோ எழுதி வைத்திருந்தால் அனுப்புங்கள். பட்டியல் வேண்டாம், இருக்கு.