பழைய தொட்டிக்குள் நம்ம வாய்க்கால்

பழைய மீன் தொட்டி ஒன்று கையில் கிடைத்தால் உடனே நீலக் கல்லும் பிளாஸ்டிக் செடியும் வாங்க ஓடுகிறோம். பாலக்காட்டுச் சித்தூர்ப் புழை ஆறும் அதன் பாசன வாய்க்கால்களும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது இது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்குள்ள மணல், இலை, செடி, மீன் ஆகியவற்றை மட்டும் வைத்து அமைக்கும் பயோடோப் தொட்டிதான் நமக்குப் பொருத்தம் என்பது என் கருத்து.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 54 லிட்டர்தான் பிடிக்கும். அதில் ஆற்றைக் கொண்டுவர முடியாது. மிஸ் கேரளா மீனுக்கு ஓடும் நீரும் கூட்டமும் வேண்டும், அரை அடி வரை வளரும். அதோடு, அழியும் நிலையில் உள்ள இனமும்கூட. அதை ஆற்றிலிருந்து பிடித்து விற்பவரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள்.

வயல் வாய்க்கால் என்றால் இந்த அளவே போதும். என் முதல் தேர்வு முண்டக்கண்ணி. இங்கே மலையாளத்தில் மானத்துக்கண்ணி என்பார்கள். எப்போதும் மேல்மட்டத்திலேயே நிற்கும், தலையில் ஒரு மினுக்குப் புள்ளி, கொசுப் புழு என்றால் விடாது. துள்ளி வெளியே விழும் என்பதால் மூடி கட்டாயம். வாய்க்குள் அடங்கும் குஞ்சுகளை விழுங்கிவிடும், அதனால் கூடவிடும் கெண்டைகள் அதே அளவில் இருக்கட்டும்.

அடியில் மணல், மேலே காய்ந்த பாதாம் இலைகள், ஓரமாக வேலம்பாசி என்ற நீர்ச்செடி. இலை ஊறி தண்ணீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்துக்கு வரும். அழுக்கு என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள், இலையிலிருந்து இறங்கும் டானின் என்ற பொருளின் நிறம்தான் அது. மணலுக்காக ஆற்றில் இறங்க வேண்டாம், அதற்கு 2001 முதல் கேரளத்தில் தனிச் சட்டமே இருக்கிறது. வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணல் ஒரு வாளி கேட்டு வாங்கி, நன்றாக அலசி, கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம்.

கண்ணாடியில் படிந்த உப்புக் கறைக்கும் வினிகரே போதும், சோப்பு தொடவே கூடாது. நிரப்பி இரண்டு நாள் வெளியே வைத்துக் கசிவு பாருங்கள். அப்புறம் பொறுமை. காய்ந்து கிடந்த தொட்டியில் பழைய பாக்டீரியா எதுவும் மிஞ்சியிருக்காது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் கூட்டம் புதிதாக உருவாகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நல்ல தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர் பஞ்சு கொஞ்சம் கிடைத்தால் சீக்கிரம் முடியும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2018 வெள்ளத்தில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரபைமா என்ற தென்னமெரிக்க ராட்சத மீன் சாலக்குடிப் புழையில் பிடிபட்டது. தொட்டி துடைக்க வாங்கிய சக்கர் மீன் இன்று கேரளத்து நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. வளர்க்க முடியாவிட்டால் யாருக்காவது கொடுங்கள், வாய்க்காலில் விடாதீர்கள். அங்கிருந்தே பிடித்த மீனானாலும், கடை மீனோடு இருந்திருந்தால் நோயையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் யாராவது தொடங்குவதாக இருந்தால் சொல்லுங்கள், வேலம்பாசி நான் தருகிறேன்.